தண்ணீர் இல்லாதபோது சுழல்கிறது, தண்ணீர் வந்ததும் நின்றுவிடுகிறது: ரிமோட் மின் மானிட்டர்

கோபுரத்தான் | திங்கள், இரவு 9:40

வணக்கம். எண்ணெய்த் தொட்டிகள் உள்ள ஒரு கிடங்கில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். 12 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் ரிமோட்டில் இயங்கும் மின் மானிட்டர் (தீயணைக்கத் தண்ணீரைப் பீய்ச்சும் பீரங்கி) ஒன்று நிற்கிறது. 7 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 4000 லிட்டர். இடம் வலம் திருப்ப ஒரு மோட்டார், ஏற்றி இறக்க ஒன்று, நாசிலை ஜெட்டிலிருந்து ஸ்ப்ரேக்கு மாற்ற ஒன்று. மூன்றும் 24 வோல்ட் டி.சி. கியர் மோட்டார்கள். கன்ட்ரோல் பெட்டி கோபுரத்தின் அடியில். அதற்கான பவர் சப்ளை பம்ப் ஹவுஸில். நடுவே 140 மீட்டர், 4 சதுர மி.மீ. செம்புக் கேபிள். பம்ப் ஹவுஸ் பேனலில் ஒரு ஜாய்ஸ்டிக், தோளில் மாட்டிக்கொள்ளும் ரேடியோ ரிமோட் ஒன்று.

வாராவாரம் தண்ணீர் விடாமல் சுழற்றிப் பார்ப்போம், ஒரு குறையும் இருக்காது. போன வார டிரில்லில் வால்வைத் திறந்து அழுத்தம் ஏறியதும், இடப்பக்கம் திருப்பினால் ஒரு குலுக்கு, அவ்வளவுதான், நின்றுவிட்டது. கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால் இன்னொரு குலுக்கு. ஏற்றி இறக்குவதும் அப்படியே. தண்ணீரை நிறுத்தினால் பழையபடி நல்ல பிள்ளை.

கன்ட்ரோல் பெட்டியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 23.5 வோல்ட் இருக்கிறது. அதனால் சப்ளை சரி. கிளாம்ப் மீட்டர் மோட்டார் ஓடும்போதே 0.0 காட்டுகிறது, அது ஏன் என்று புரியவில்லை. மோட்டார் டிரைவ் போர்டு போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள் சப்ளையர் தரப்பில். மாற்றலாமா?

புதியவன் | திங்கள், இரவு 9:58

தலைப்பைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் மானிட்டருக்கு எதற்குத் தண்ணீர் என்று உள்ளே வந்தேன். வந்ததும் நல்லதாகப் போயிற்று, எங்களிடமும் ஒன்று இருக்கிறது. பின்தொடர்கிறேன்.

கிரீஸ் கன் | திங்கள், இரவு 10:15

தம்பி, போர்டு கீர்டு எல்லாம் அப்புறம். கடைசியா அந்த சுழல் ஜாயிண்ட்டுக்கு எப்ப கிரீஸ் அடிச்சீங்க?

தண்ணி இல்லாதப்ப அந்த ஜாயிண்ட் தாங்குறது மானிட்டரோட சொந்த எடையை மட்டும்தான். 7 பார் ஏறினா 100 மி.மீ. குழாய் வாயில ஜாயிண்ட்டைப் பிரிச்சுத் தள்ளுற விசை 550 கிலோவுக்கு மேல. அந்தச் சுமை மொத்தமும் உள்ள இருக்குற பந்து பேரிங் தலையில. பேரிங் துருப்பிடிச்சிருந்தா வெறுங்குழாயா இருக்கும்போது தெரியவே தெரியாது. தண்ணி ஏறினதும் இறுகிப் பிடிச்சுக்கும். நீங்க சொல்றது அப்படியே அதுதான்.

செம்புக்கம்பி | திங்கள், இரவு 10:32

கிரீஸ் கன் அண்ணன் சொல்வது காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கோபுரத்தான் எழுதியதில் ஒரு வரி கண்ணை உறுத்துகிறது: "23.5 வோல்ட் இருக்கிறது, அதனால் சப்ளை சரி."

அந்த 23.5 எப்போது எடுத்தது? மோட்டார் நிற்கும்போதா, ஓடும்போதா? நிற்கும்போது என்றால் அந்த அளவு எதையும் சொல்லவில்லை. கேபிளில் கரண்ட் ஓடாதபோது வோல்ட் எங்கே விழும்? ஒரு கோர் முழுக்க அறுந்து, ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 23.5 காட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 சதுர மி.மீ. செம்புக்குக் கிலோமீட்டருக்கு 4.61 ஓம். போக 140, வர 140, ஆக 280 மீட்டர். சுமார் 1.29 ஓம். 6 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 7.7 வோல்ட் காலி. இரண்டு மோட்டாரும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தால் பெட்டிக்குப் போய்ச் சேருவது 11 வோல்ட். எந்த கன்ட்ரோலரும் அதில் உயிரோடு இருக்காது.

கிளாம்ப் 0 காட்டுவது வேறு கதை. உங்கள் கிளாம்ப் ஏ.சி. மட்டும் அளப்பது. டி.சி. கரண்ட்டை அது உணராது. ஹால் சென்சர் உள்ள டி.சி. கிளாம்ப் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இந்த மானிட்டரோடு இருட்டில்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

ஒரு கேள்வி. குலுங்கி நிற்கும் அந்த நொடியில் கன்ட்ரோல் பெட்டி எல்.இ.டி. என்ன செய்கிறது?

கோபுரத்தான் | செவ்வாய், காலை 7:10

நிற்கும்போது எடுத்ததுதான். ஓடும்போது எடுக்கத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

எல்.இ.டி. பற்றிக் கேட்டீர்களே, டிரில் நடந்தபோது பெட்டிப் பக்கம் யாரும் இல்லை. ஆனால் பம்ப் ஹவுஸ் பேனல் திரையில் ஒவ்வொரு குலுக்குக்கும் "இணைப்பு இல்லை" என்று இரண்டு மூன்று நொடி வந்துவிட்டுப் போனது. அதை ரேடியோ கோளாறு என்று நினைத்துக்கொண்டோம்.

கிரீஸ் பற்றி: பதிவேட்டில் 14 மாதத்துக்கு முன் ஒரு வரி இருக்கிறது. அதையும் உண்மையிலேயே அடித்தார்களா என்பதற்கு நான் சாட்சி இல்லை.

செம்புக்கம்பி | செவ்வாய், காலை 7:25

"இணைப்பு இல்லை" என்று இரண்டு மூன்று நொடி வருவது ரேடியோ இல்லை. கன்ட்ரோலர் செத்துப் பிறக்கிறது. மோட்டார் இழுத்ததும் வோல்ட் விழுகிறது, கன்ட்ரோலர் ரீசெட் ஆகிறது, மோட்டார் விடுபடுகிறது, வோல்ட் மீள்கிறது, மறுபடி பூட் ஆகிறது. நீங்கள் மறுபடி அழுத்துகிறீர்கள். அதுதான் அந்தக் குலுக்கு.

புதுப் போர்டு போட்டாலும் இதே கூத்துதான் நடக்கும். வாங்காதீர்கள்.

வேகமானி | செவ்வாய், காலை 8:02

எங்களிடமும் தண்ணீர் அழுத்தத்தில் நின்றது. மெனுவில் மோட்டார் கரண்ட் வரம்பு என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை 6 ஆம்பியரிலிருந்து 9 ஆக்கினோம். பிரச்சினை தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை.

கிரீஸ் கன் | செவ்வாய், காலை 8:20

தீர்ந்துச்சா? எத்தனை மாசம் ஆச்சு?

அந்த வரம்பு எதுக்கு வெச்சிருக்காங்கன்னு யோசிங்க. பல மானிட்டர்ல எல்லை வந்துட்டா மோட்டார் நிக்கிறது லிமிட் ஸ்விட்ச்சால இல்ல. ஸ்டாப்பர்ல முட்டினதும் கரண்ட் ஏறும், போர்டு அதைப் பார்த்து நிறுத்தும். 6-ஐ 9 ஆக்கினா, ஒவ்வொரு தடவை எல்லையில முட்டும்போதும் வார்ம் கியர் (திருகுப் பல்சக்கரம்) ஒன்றரை மடங்கு அடி வாங்கும். மோட்டார் சுருள்ல சூடு கரண்ட்டோட வர்க்கத்துல ஏறும், அதாவது ரெண்டேகால் மடங்கு. வெண்கல வார்ம் வீல் பல்லு வழிச்சுக்கிட்டு வந்ததை நான் கையில எடுத்துப் பார்த்திருக்கேன். அந்த மானிட்டர் அப்புறம் காத்துல காத்தாடி மாதிரி தானா சுத்துச்சு. வார்ம் கியர் தானாப் பின்னாடி சுத்தாதுங்கற தைரியத்துலதான் இந்த டிசைனே நிக்குது.

வேகமானி | செவ்வாய், காலை 8:41

ஐந்து மாதம் ஆகிறது. இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. எங்களுடையதில் லிமிட் ஸ்விட்ச் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும்.

சைரன் | செவ்வாய், காலை 9:15

தீயணைப்புப் பணியில் 27 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். மின்சாரக் கணக்கு உங்கள் பாடு. நான் சொல்ல வந்தது வேறு.

கோபுரத்தான் தம்பி, இதற்கு அடுத்து நீங்கள் செய்யப்போவது தண்ணீரை விட்டுவிட்டு ஓட்டத்தில் அளப்பது. நிமிடத்துக்கு 4000 லிட்டர் 7 பாரில் வெளியே போகும்போது பின்னுதைப்பு சுமார் 250 கிலோ எடை அளவு. நாசில் வாயில் தண்ணீரின் வேகம் நொடிக்கு 37 மீட்டர். பக்கத்தில் நிற்கிற ஆளின் மேல் திரும்பினால் எலும்பு மிஞ்சாது. ரீசெட் ஆகிற கன்ட்ரோலர் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் உறுதி கிடையாது. கோபுரத்தின் மேல் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. ரிமோட் ஒருவர் கையில் மட்டும். வால்வருகே இன்னொருவர், கண்பார்வைத் தொடர்போடு.

மேலே ஏறி வேலை செய்யும்போது வால்வை மூடிப் பூட்டு, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டு, ரேடியோ ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி மேலே ஏறுபவரின் சட்டைப்பையில். இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எண்ணெய்த் தொட்டிப் பக்கம் என்கிறீர்கள். ஃபிளேம்புரூஃப் பெட்டியை (உள்ளே பொறி பறந்தாலும் வெளியே தீ பரவவிடாத பெட்டி) மின்சாரம் இருக்கும்போது திறந்து அளக்கப் பெர்மிட்டும் கேஸ் டெஸ்ட்டும் இல்லாமல் போகாதீர்கள். மல்டிமீட்டரின் முனை ஒரு பொறிக்குப் போதும்.

அதுவரை அந்தத் தொட்டிக்கு மாற்று என்ன? பேனலில் "பழுது" என்று எழுதித் தொங்கவிட்டீர்களா? இரவு ஷிப்ட்காரருக்குத் தெரியுமா?

கோபுரத்தான் | செவ்வாய், மாலை 6:50

ஐயா, தொங்கவிட்டாயிற்று. டிரெய்லர் மானிட்டர் ஒன்றைத் தொட்டிக்கு எதிரே கொண்டுவந்து ஹைட்ரண்ட்டில் இணைத்து வைத்திருக்கிறோம். பெர்மிட் எடுத்து, கேஸ் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தோம்.

டி.சி. கிளாம்ப் கடன் வாங்கினேன். தண்ணீர் இல்லாமல், இடம் வலம் மட்டும் ஓடவிட்டு எடுத்தவை:

பம்ப் ஹவுஸ் சப்ளை முனையில் 24.1 வோல்ட்.
கரண்ட் 2.6 ஆம்பியர்.
கோபுரத்தடி பெட்டியில் 18.9 வோல்ட்.

தண்ணீரே இல்லாதபோதே 5 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது! கன்ட்ரோலர் ஏட்டில் 18 முதல் 32 வோல்ட் என்று இருக்கிறது. 16-க்குக் கீழே போனால் ரீசெட்.

செம்புக்கம்பி | செவ்வாய், மாலை 7:05

இப்போதுதான் சுவாரசியம். உங்கள் கேபிள் மட்டும் காரணமாக இருந்தால் 2.6 ஆம்பியருக்கு விழ வேண்டியது 3.4 வோல்ட். பெட்டியில் 20.7 இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு விழுவது 5.2. அப்படியானால் மொத்த மின்தடை 2 ஓம். கேபிளின் 1.29 போக, 0.7 ஓம் எங்கேயோ ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது.

கேபிள் ஒரே நீளமா? நடுவில் ஜங்ஷன் பாக்ஸ் உண்டா? உண்டு என்றால் அதைத் திறந்து, மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு டெர்மினலுக்கும் குறுக்கே மீட்டரை வையுங்கள். உள்ளே வரும் கம்பியில் ஒரு முனை, வெளியே போகும் கம்பியில் இன்னொன்று. டெர்மினல் இரும்பில் வைக்காதீர்கள், கம்பியின் செம்பில் வையுங்கள். நல்ல டெர்மினல் என்றால் சில மில்லிவோல்ட்தான் காட்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் பாருங்கள். நெகட்டிவை மறப்பதுதான் வழக்கம்.

ஓம் மீட்டரை நம்பி இதைத் தேடாதீர்கள். ஒரு ஓமுக்குக் கீழே சாதா மல்டிமீட்டரின் புரோப் கம்பியே 0.2, 0.3 காட்டும். ஓடவிட்டு வோல்ட் அளப்பதுதான் வழி.

புதியவன் | செவ்வாய், இரவு 8:30

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் மானிட்டரில் ரேடியோ ரிமோட், பம்ப் ஓடத் தொடங்கினால் மட்டும் துண்டிக்கிறது. பேனல் ஜாய்ஸ்டிக்கில் சிக்கல் இல்லை. இதுவும் வோல்ட் விழுவதுதானா?

செம்புக்கம்பி | செவ்வாய், இரவு 8:44

பேனல் ஜாய்ஸ்டிக் ஒழுங்காக வேலை செய்தால் சப்ளையை விட்டுவிடலாம். பம்ப் வி.எஃப்.டி.யில் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) ஓடுகிறதா? ரிசீவர் எங்கே, ஆன்டெனா எங்கே?

புதியவன் | செவ்வாய், இரவு 8:51

ஆமாம், வி.எஃப்.டி.தான். ரிசீவர் அதே அறையில் இரும்புப் பேனலுக்குள். ஆன்டெனாவும் உள்ளேதான்.

செம்புக்கம்பி | செவ்வாய், இரவு 9:03

இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனா என்றால் தலையைப் பானைக்குள் விட்டுக்கொண்டு பேசுவது போல. இத்தனை நாள் வேலை செய்ததே பெரிது. ஆன்டெனாவை வெளியே கொண்டுவாருங்கள், கூரைக்கு மேல், வி.எஃப்.டி. கேபிள் பாதையிலிருந்து விலகி. அதோடு வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளின் ஷீல்டு எர்த் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரிசீவரிலிருந்து மானிட்டருக்குக் கேன் பஸ் (இரண்டு கம்பியில் போகும் சிக்னல் இணைப்பு) போகிறது என்றால் இன்னொரு சோதனை. எல்லா மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு இரண்டு சிக்னல் கம்பிகளுக்கு நடுவே ஓம் அளந்தால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் டெர்மினேட்டர் (முனையில் போடும் மின்தடை) இல்லை. 40 என்றால் யாரோ மூன்றாவது ஒன்றைச் செருகியிருக்கிறார்கள்.

மேலும் சந்தேகம் என்றால் தனி இழை தொடங்குங்கள், இங்கே கோபுரத்தான் காத்திருக்கிறார்.

கோபுரத்தான் | புதன், பிற்பகல் 1:20

கிடைத்துவிட்டது!

பம்ப் ஹவுஸிலிருந்து 80 மீட்டரில், குழாய்ப் பாலத்தின் அடியில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். வரைபடத்தில் அது கிடையாது. பெயின்ட் அடித்து அடித்துத் தூணோடு தூணாகிவிட்டது. பழைய ஆள் ஒருவர்தான் "அங்கே ஒரு டப்பா இருக்கும் பார்" என்றார்.

திறந்ததும் உள்ளே அரை டம்ளர் தண்ணீர். நெகட்டிவ் டெர்மினல் பச்சை பூத்து, பக்கத்து பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. மோட்டார் ஓடும்போது அதன் குறுக்கே 1.8 வோல்ட். பாசிட்டிவில் 0.01. செம்புக்கம்பி அண்ணா சொன்ன 0.7 ஓம் அப்படியே அந்த ஒரு திருகில் உட்கார்ந்திருக்கிறது.

செம்புக்கம்பி | புதன், பிற்பகல் 1:34

அருமை. கம்பியின் கறுத்த பகுதியை வெட்டிவிட்டுப் புதுச் செம்பு தெரியும் வரை உரியுங்கள். கறுத்த இழையின் மேல் லக் (கம்பி முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகத் துண்டு) அடித்தால் ஆறு மாதத்தில் இதே மன்ற இழையைத் தூசி தட்ட வேண்டியிருக்கும். தகரம் பூசிய லக், புது டெர்மினல் பிளாக்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதையும் பாருங்கள். கேபிள் மேலிருந்து பெட்டிக்குள் இறங்குகிறதா? அப்படியானால் மழை கேபிளைப் பிடித்துக்கொண்டே நேராக உள்ளே போகும். கீழ்ப்பக்கமாக நுழையவிடுங்கள், நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு கொடுங்கள். ஃபிளேம்புரூஃப் பெட்டி என்றால் நீங்களாக ஓட்டை போடக் கூடாது. மூடும்போது இணைப்பு முகப்பில் கீறல், பெயின்ட் எதுவும் இல்லாமல், எல்லா போல்ட்டும் போட்டு மூடுங்கள். நாலு போல்ட்டில் இரண்டு போதும் என்கிற ஆள் எல்லா இடத்திலும் ஒருவர் இருப்பார்.

கோபுரத்தான் | வியாழன், மாலை 5:45

டெர்மினல் மாற்றியாயிற்று. பெட்டியையும் கீழ்நுழைவு உள்ளதாக மாற்றிவிட்டோம். தண்ணீர் இல்லாமல் 2.6 ஆம்பியர், பெட்டியில் 20.7 வோல்ட். கணக்கில் வந்த அதே எண், மீட்டரில் பார்க்க ஒரு தனி மகிழ்ச்சி.

பிறகு சைரன் ஐயா சொன்னபடி ஆட்களை நிறுத்தித் தண்ணீர் விட்டோம். பெட்டியில் மீட்டர், கிளாம்ப் இரண்டையும் கட்டிவிட்டு, எதிரே கேமரா வைத்துவிட்டு எல்லோரும் விலகிவிட்டோம். மானிட்டர் அடியில் 7 பார்.

இடம் வலம் மட்டும்: 5.8 ஆம்பியர், 16.6 வோல்ட். மெதுவாக, ஆனால் நிற்காமல் சுழன்றது.
ஜாய்ஸ்டிக்கைக் குறுக்காகத் தள்ளி இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ரீசெட்.

பாதிக் கிணறு தாண்டியிருக்கிறோம்.

கிரீஸ் கன் | வியாழன், மாலை 6:02

இப்ப என் முறை. நிறுவினப்ப எடுத்த சோதனைத் தாள் இருக்குமே, அதுல தண்ணியோட எத்தனை ஆம்பியர்னு பாருங்க.

கோபுரத்தான் | வியாழன், மாலை 6:40

தேடி எடுத்தேன். 7 பாரில் இடம் வலம் 4.1 ஆம்பியர், ஏற்றி இறக்க 3 ஆம்பியர்.

கிரீஸ் கன் | வியாழன், மாலை 6:48

4.1 இருந்தது 5.8 ஆகியிருக்கு. அந்த 1.7 ஆம்பியர்தான் உங்க 14 மாச கிரீஸ்.

அடிக்கிற முறை சொல்றேன். ஒரே இடத்துல நிறுத்திட்டு அடிக்காதீங்க. கொஞ்சம் அடிச்சு, கைச்சக்கரத்தால கால் சுத்து திருப்பி, மறுபடி அடிங்க. பழைய கிரீஸ் வெளிய தள்ளிட்டு வரும். முதல்ல வர்றது துருக் கலர்ல இருக்கும், நிறம் மாறுற வரைக்கும் விடாதீங்க. தண்ணியில கரையாத கிரீஸா இருக்கணும், தயாரிப்பாளர் ஏட்டுல எது போட்டிருக்கோ அது. ரெண்டு வகை கிரீஸைக் கலந்தா சில சமயம் தயிர் மாதிரி பிரிஞ்சுடும்.

கைச்சக்கரம் சுத்தும்போது மின்சாரம் நிச்சயமா துண்டிச்சிருக்கணும். மேல நீங்க கைப்பிடியைப் பிடிச்சிருக்கும்போது கீழ ஒருத்தன் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டா மணிக்கட்டு போயிடும்.

கிரீஸ் அடிக்கிற வாய், அதான் நிப்பிள், எத்தனைன்னு எண்ணிக்கோங்க. பின்பக்கம் ஒண்ணு கண்ணுக்கே தெரியாது, அதை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க.

செம்புக்கம்பி | வியாழன், இரவு 7:15

கிரீஸ் அடித்தாலும் 7 ஆம்பியருக்கு மேல் இரண்டும் சேர்ந்து இழுக்கும். 1.29 ஓமில் 9 வோல்ட் போய்விடும், மிச்சம் 15. ரீசெட்டிலிருந்து தப்பாது. கேபிள் தேர்வு ஆரம்பத்திலேயே தவறு. வோல்ட் வீழ்ச்சிக் கணக்கை யாரோ ஒரு மோட்டாருக்கு மட்டும், தண்ணீர் இல்லாமல் போட்டிருக்கிறார்.

உங்கள் கேபிளில் எத்தனை கோர்? சும்மா கிடக்கும் கோர்கள் உண்டா?

கோபுரத்தான் | வியாழன், இரவு 7:22

நாலு கோர். இரண்டு சும்மா கிடக்கிறது.

செம்புக்கம்பி | வியாழன், இரவு 7:30

அப்படியானால் செலவில்லாத வழி கையில் இருக்கிறது. இரண்டிரண்டாகச் சேருங்கள். மின்தடை பாதியாகும், 0.65 ஓம். இரு முனையிலும், நடுப்பெட்டியிலும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கோரும் ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 500 வோல்ட் மெகர் (காப்பைச் சோதிக்கும் மீட்டர்) போடுவதானால் இரு முனையிலும் கம்பியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். கன்ட்ரோலரோடு சேர்த்துப் போட்டால் பிறகு உண்மையிலேயே போர்டு வாங்க வேண்டும்.

ஃபியூஸ் விஷயத்தில் கவனம். சேர்த்த பிறகு ஒரு கோர் அறுந்தாலும் மற்றொன்று முழுச் சுமையையும் தாங்க வேண்டும். 4 சதுர மி.மீ.க்கு இந்த கரண்ட் பெரிதில்லை, ஆனாலும் ஃபியூஸைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

இது தற்காலிகம்தான். நிரந்தரமாக என்றால் 16 சதுர மி.மீ. கேபிள், கிலோமீட்டருக்கு 1.15 ஓம், உங்கள் தூரத்துக்கு 0.32 ஓம்.

வேகமானி | வியாழன், இரவு 8:10

பவர் சப்ளையில் வோல்ட் ஏற்றும் திருகு இருக்குமே. 24-ஐ 28 ஆக்கினால் போதாதா? கன்ட்ரோலர் 32 வரை தாங்கும் என்கிறார்.

செம்புக்கம்பி | வியாழன், இரவு 8:25

கன்ட்ரோலர் தாங்கும். அதே சப்ளையில் தொங்கும் ரிலே, வால்வு சோலனாய்டு, ரேடியோ ரிசீவர் தாங்குமா? சும்மா நிற்கும் நேரமெல்லாம் அவற்றுக்கு முழு 28-ம் போகும், நிற்கும் நேரம்தான் 99 சதவீதம். பேட்டரி பேக்கப் இருந்தால் மின்வெட்டில் எப்படியும் 24-க்கு இறங்கிவிடும், தீ பிடிக்கிற நேரம் மின்வெட்டும் கூடவே வரும். ஆகவே வேண்டாம்.

கரண்ட் வரம்பைப் பழையபடி வைத்துவிட்டீர்களா?

வேகமானி | வியாழன், இரவு 8:31

வைத்துவிட்டேன். மானிட்டர் மறுபடி நின்றுவிட்டது. கிரீஸ் வாங்க ஆள் போயிருக்கிறார்.

கோபுரத்தான் | சனி, மாலை 4:30

கிரீஸ் அடித்தோம். ஐந்து நிப்பிள். ஐந்தாவது பின்பக்கம், பெயின்ட் மூடிக் கிடந்தது, கம்பி பிரஷ் போட்ட பிறகே தெரிந்தது. முதலில் காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. கோர்களையும் இரட்டித்தோம்.

இன்று தண்ணீரோடு, 7 பாரில்:

இடம் வலம் மட்டும் 4.4 ஆம்பியர், பெட்டியில் 21.3 வோல்ட்.
இரண்டும் சேர்த்து 7.6 ஆம்பியர், 19.2 வோல்ட்.

பத்து நிமிடம் எல்லாத் திசையிலும் ஓட்டினோம், ஒரு ரீசெட் இல்லை.

ஆனால் ஒரு புதுச் சிக்கல். இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் ஸ்டாப்பருக்கு 20 டிகிரி முன்னாலேயே நின்றுவிடுகிறது. "பார்க்" பொத்தானை அழுத்தினால் நேராக நிற்காமல் அதே 20 டிகிரி தள்ளிப் போய் நிற்கிறது. கரண்ட் ஏறவில்லை, ரீசெட் இல்லை. அதுவாகச் சமர்த்தாக நிறுத்திக்கொள்கிறது. இதுவும் கேபிளா?

கிரீஸ் கன் | சனி, மாலை 4:41

அது நான் செஞ்ச வினை, தம்பி. மின்சாரத்தைத் துண்டிச்சுட்டு கைச்சக்கரத்தால சுத்தச் சொன்னேன்ல? உங்க மானிட்டர் மோட்டார் சுத்தை எண்ணி எண்ணித்தான் தான் எங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்குது. மின்சாரம் இல்லாதப்ப நீங்க சுத்துனது அதுக்குக் கணக்குல வரல. தூங்கிக்கிட்டு இருந்தவனைக் கட்டிலோட திருப்பிப் போட்டா எழுந்து சுவத்துல முட்டுவான்ல, அந்தக் கதை.

செம்புக்கம்பி | சனி, மாலை 4:50

ஏட்டில் ஹோமிங் அல்லது எல்லை பதிவு என்று ஒரு பகுதி இருக்கும். அதைச் செய்யுங்கள்: இரு எல்லைக்கும் மெதுவாகப் போய் முட்டி, புதிதாக எண்ணிக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் செய்யுங்கள்.

இனிமேல் யார் கைச்சக்கரத்தைத் தொட்டாலும் அடுத்தது ஹோமிங் என்று சக்கரத்தின் பக்கத்திலேயே ஒரு தகடு மாட்டிவிடுங்கள்.

சைரன் | சனி, மாலை 5:20

ஒரு கேள்விதான். வாராவாரம் தண்ணீர் இல்லாமல் சுழற்றிப் பார்த்து "சரி" என்று கையெழுத்துப் போட்ட பதிவேடு இருக்கிறதே, அதில் கடைசியாகத் தண்ணீரோடு சோதித்தது எப்போது? என்.எஃப்.பி.ஏ. 25 என்ற அமெரிக்கத் தீயணைப்புப் பராமரிப்புத் தரநிலை, ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்க்கவும், முழு வீச்சுக்கும் ஆட்டிப் பார்க்கவும் சொல்கிறது.

கோபுரத்தான் | சனி, மாலை 6:05

ஐயா, போன வார டிரில்லுக்கு முன் மூன்று ஆண்டு இல்லை. தண்ணீர் வீணாகிறது, கீழே சேறாகிறது என்று நிறுத்திவிட்டார்களாம்.

படிவத்தை மாற்றிவிட்டேன். வாரச் சோதனையில் இனி ஆம்பியருக்கும் பெட்டி வோல்ட்டுக்கும் இரண்டு கட்டம். தண்ணீர் இல்லாமல் 2.6-லிருந்து 3-ஐத் தாண்டினால் எனக்குத் தகவல் வர வேண்டும். தண்ணீரோடு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஹோமிங் செய்தேன். இரு பக்கமும் முழு வீச்சு, பார்க் நேராக நிற்கிறது.

16 சதுர மி.மீ. கேபிளுக்குக் கோரிக்கை அனுப்பியிருக்கிறேன். சப்ளையர் இன்று காலைகூட போர்டுக்கான விலைப்பட்டியல் அனுப்பியிருந்தார்.

செம்புக்கம்பி | சனி, மாலை 6:12

பதிலுக்கு அந்த பச்சை பூத்த டெர்மினலின் படத்தை அனுப்புங்கள்.